கோப்பையிலும் ஒடுக்கு, கேட்டிலும் ஒடுக்கு

இந்த பிரெய்ரி மூன் ட்ரெய்லர் பார்க்கின் உரிமையாளரும், என்னை நம்பி மைக்கைக் கொடுத்துவிட்டு இப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருமான விழாத் தலைவர் மாண்புமிகு ராய்ஸ் டாக்கெட் அவர்களே! ஓக்லஹோமாவின் காற்றோடு மல்லுக்கட்டியே மூத்த பெரியோர்களே! ஓடுகிற வீட்டிலும் உலை வைத்துப் பசியாற்றிய தாய்மார்களே! சில்லிக் குழம்புக் கிண்ணத்தை இன்னும் வழித்துக்கொண்டிருக்கும் பின்வரிசைத் தோழர்களே! படம் வரைந்து பிழைக்கும் இந்த ஓபல் ஹெண்டர்ஷாட், உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

மேற்கே வானம் பச்சையாகிறது. நீங்களும் பார்த்துவிட்டீர்கள். அது ஆலங்கட்டி மழை கொட்டப்போகும் பச்சை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் பயப்பட வேண்டாம், இந்தத் தகரக் கொட்டகை தாங்கும். பயமெல்லாம் எனக்குத்தான். கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு, "பழைய ட்ரெய்லர்களும் கலையும்." ட்ரக்கின் பின்னால் பூட்டி இழுத்துப்போகும் நம் சக்கர வீடும் கலையும்! ஆகா, என்ன தலைப்பு! கோணல் கூடாது, கூர்மை கூடாது, காற்றுக்கு வழிவிடும் வளைவு ஒன்றே வேண்டும் என்று அலுமினியத்தை அணைத்து வளைத்தார்களே, அந்த வளைவு எங்கெல்லாம் போயிற்று? ரொட்டி சுடும் பெட்டிக்குப் போகவில்லையா? ரேடியோவுக்குப் போகவில்லையா? பகலில் மேசை, இரவில் கட்டில் என்ற அந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்துத்தானே இன்று சின்னச் சின்ன வீடுகள் கட்டுகிறார்கள்? படம் எடுப்பவர் ஊரைவிட்டு ஓடும் பெண்ணை எங்கே உட்கார வைக்கிறார்? ட்ரெய்லர் படியில்! பாட்டுக்காரர் காதலில் தோற்றவனை எங்கே அழ வைக்கிறார்? அதே படியில்! குட்டி ட்ரெய்லர் பொம்மை தொங்காத கிறிஸ்துமஸ் மரம் நம் ஊரில் உண்டா?

யாரங்கே? "உன் வண்டி எங்க ஓபல்?" என்றா கேட்கிறீர்கள்? கேட்டீர்களே, நல்ல கேள்வி! வண்டி வாசலில் நிற்கிறது. காலையிலிருந்து நிற்கிறது.

காலையில் கேட்டுக்கு வந்தோம். காவலில் இருக்கும் மாவிஸ், தங்கமான பெண், காபிக் கோப்பையோடு வந்தாள்.

"வண்டி எந்த வருஷம்மா?"

"ஐம்பத்தாறு."

"ஐயையோ! பத்து வயசுக்கு மேலன்னா உள்ள விடக்கூடாதும்மா. பாக்க அசிங்கமா இருக்குமாம். ட்ரக்க வேணா உள்ள கொண்டுபோங்க, ட்ரெய்லரக் கழட்டி விட்ருங்க."

"ஏம்மா, உன் கோப்பைல இருக்கறது எந்த வருஷத்து வண்டி?"

"இதுவா? இது படம்தானம்மா!"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், வயிறு எரிய எரியச் சிரித்தேன். படமென்றால் பழசாகலாம், பார்த்து ரசிக்கலாம், பலகையில் தீட்டலாம். அதிலேயே படுத்து எழுகிறவர்கள் வந்தால் மட்டும் பத்து வயதா? பத்து வயது தாண்டியவர் வெளியே என்றால் இந்தக் கொட்டகையில் யார் மிஞ்சுவோம்?

தலைவரிடம் முறையிட்டேன். "ஒருத்தருக்கு விட்டா, ஊர்ல துருப்பிடிச்சதெல்லாம் நாளைக்கு இங்க வந்து நிக்கும் ஓபல்" என்றார். அவர் கவலை அவருக்கு. என் கவலையைக் கேளுங்கள். வீட்டை விற்றுவிட்டோம். எங்கள் அடுப்பும் படுக்கையும், என் தூரிகைகளும் அதற்குள்தான். என் கணவர் டியூவியும் அதற்குள்தான்! இடுப்பு எலும்பு முறிந்து இப்போதுதான் தேறி வருகிறார். கொட்டகைக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். "என்னை இறக்கணும்னா கட்டிலோட தூக்குடி. போ, போய்ப் பேசு, நாலு கைதட்டு வாங்கிட்டு வா" என்கிறார். மெல்லிய அலுமினியம். முட்டை அளவுக் கல் விழுந்தால் கூரைக் கண்ணாடி அவர் தலைமேல் வரும்.

தலைவர் துண்டுச் சீட்டு நீட்டுகிறார், சீக்கிரம் முடிக்கச் சொல்லி. முடிக்கிறேன் ஐயா. யாரைவிடவும் எனக்குத்தான் அவசரம்.

அன்பர்களே! விழா நினைவாகத் தந்த கோப்பை உங்கள் கையில் இருக்கிறதல்லவா? திருப்புங்கள். நீலப் பட்டை போட்ட ட்ரெய்லர். பின் மூலையில் பாருங்கள், பிறை மாதிரி ஒரு ஒடுக்கு. பெட்ரோல் பங்குத் தூணை டியூவி கொஞ்சியதன் பலன் அது! வரையும்போது மறைக்க மனம் வரவில்லை, அப்படியே வரைந்தேன். இந்தப் பார்க்கின் பெயர்ப்பலகையிலும் அது இருக்கிறது, துண்டிலும் தொப்பியிலும் இருக்கிறது. இப்போது தலையை நிமிர்த்தி வாசலைப் பாருங்கள். அந்த வண்டியின் பின் மூலையைப் பாருங்கள்!

ஆமாம் தாயே, அதேதான். அதே ஒடுக்குதான்.

டங்!

கேட்டதா? கூரையில் முதல் கல். ஐயோ, இனிப் பேச்சில்லை, பிச்சைதான் கேட்கிறேன். ட்ரக்கைப் பூட்ட நேரமில்லை. சின்ன வண்டி, ஆளுக்கொரு கை கொடுத்தால் உருண்டு வந்துவிடும். உங்கள் கோப்பையில் இருப்பதை உங்கள் கொட்டகைக்குள் கொண்டுவாருங்கள்!

எழுந்துவிட்டீர்களா? பெரியவரே, நீங்கள் கைத்தடியோடு ஓடாதீர்கள்! பின்வரிசைத் தோழர்கள்தான் முதலில் ஓடுகிறார்கள், சில்லிக் கிண்ணம் கவிழ்ந்தது கவிழ்ந்தபடி!

"ஓபல், நான் இன்னும் சரின்னு சொல்லலியே!" என்கிறார் தலைவர். என்னிடம் ஏன் ஐயா சொல்கிறீர்கள்? மாவிஸிடம் சொல்லுங்கள். ஒரு கையில் கோப்பையோடு, மறு கையால் அதோ கேட்டைத் திறந்துகொண்டிருக்கிறாள்.

டங்! டங்! வண்டி அசைகிறது! ஆனால் பின்பக்கம் ஆள் போதவில்லை, நானும் ஓடுகிறேன். என் பேச்சைக் கேட்காமல் எழுந்து போய் எனக்கு வாழ்வு தந்த பெருமக்களே, உங்களுக்கு நன்றி! பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் காலி நாற்காலிகளே, உங்களுக்கும் நன்றி! தலைவர் அவர்களே, கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது போதும், வாருங்கள். ஒடுக்கு இருக்கிற மூலையை நீங்கள் தள்ளுங்கள். அங்கே கை நன்றாகப் பதியும். வணக்கம்!