யாரும் திறக்காத ஆல்பம்

இணையத்தில் படங்களை வைக்க இடம் தேடுவது வாடகைக்கு வீடு பார்ப்பது மாதிரிதான். வாசலைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. குழாயைத் திறந்து பார்க்க வேண்டும், மழை பெய்தால் எங்கே ஒழுகும் என்று கேட்க வேண்டும். நான் அப்படிக் கேட்கிறவன். அச்சகத்தில் வண்ணம் திருத்தும் வேலை எனக்கு. ஒரு முகம் லேசாக மஞ்சளடித்தாலும் கண்ணை உறுத்தும்.

உட்காருங்கள். அழிந்த படங்களை மீட்பது உங்கள் தொழில். தம்பி தன் கணினியை உங்களிடம் கொடுத்தபோதே, நீங்கள் என்னைத் தேடி வருவீர்கள் என்று நினைத்தேன்.

தம்பி மனைவி பிரசவத்துக்குப் பிறகு வந்த காய்ச்சலில் போய்விட்டாள். கைக்குழந்தைக்கு அம்மா முகம் எப்படி நினைவிருக்கும்? கொஞ்ச நாள் கழித்து, அவளுடைய போனையும் தன் கணினியையும் தம்பி என் மேஜையில் கொண்டுவந்து வைத்தான்.

"அண்ணா, எல்லாப் படத்தையும் ஒரே இடத்துல பத்திரமா போட்டு வை. என்னால இப்ப பாக்க முடியாது. பாப்பா கேக்கறப்ப தொறந்து காட்டிக்கறேன்."

ராப்பகலாகத் தேடினேன். ஒரு தளம் படத்தைப் பிழிந்து சின்னதாக்கியது. அவள் கன்னத்து மச்சம் அழுக்கு மாதிரி ஆனது. இன்னொன்றில் முகத்துக்குக் குறுக்கே செருப்பு விளம்பரம். கடைசியில் ஒன்று கிடைத்தது. பார்க்க அழகில்லை, வேகமும் இல்லை. ஆனால் கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்திருக்கும், எதையும் தானாக அழிக்காது.

தம்பி வீட்டுக் கூடத்தில் எல்லாரும் இருந்தபோது இதை விளக்க ஆரம்பித்தேன். என் தங்கை கணவரை வீட்டில் 'ஸ்பீடு' என்போம். பாதியிலேயே அவர் தன் போனை நீட்டினார்.

"மச்சான், நாலு போட்டோ போட இவ்வளவு ஆராய்ச்சியா? இதப் பாருங்க, ஒரே தட்டு. ஹார்ட் போடலாம், கமெண்ட் எழுதலாம்."

சிரித்தார்கள். "அண்ணனுக்கு எதுலயும் நொட்டை சொல்லணும்," என்றாள் தங்கை.

ஸ்பீடு காட்டிய தளத்தின் நிபந்தனைகளை நான் படித்திருந்தேன். சில மாதங்கள் யாரும் திறக்காத ஆல்பத்தை அது அழித்துவிடும். சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. தோளில் குழந்தையைத் தட்டிக்கொண்டே தம்பி சொன்னான்: "எது சுலபமோ அதுல போடுண்ணா."

சரி என்றேன். அதிலேயே போட்டேன்.

முதல் வாரம் சொந்தமெல்லாம் வந்து ஹார்ட் போட்டது. பிறகு ஈ காக்கை இல்லை. தம்பி திறக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். அவனே சொல்லியிருந்தானே.

கணினியையும் போனையும் சுத்தம் செய்து தருகிறேன் என்று என்னிடமே வைத்திருந்தேன். நீங்கள் கண்டுபிடித்தது சரி. அவற்றில் இருந்த படங்களை வெறுமனே அழிக்கவில்லை. அழித்த இடத்தின் மேல் திரும்பத் திரும்ப வேறு எதையோ எழுதினேன், யாராலும் மீட்க முடியாதபடி. நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

கணக்கு என் பெயரில் இருந்ததால் எச்சரிக்கை மடல்களும் எனக்குத்தான் வந்தன. ஒரே ஒரு படத்தைத் தொட்டிருந்தால் போதும், கெடு நீண்டிருக்கும். தொடவில்லை. அந்தத் தளம் எப்படிப்பட்டது என்று அவர்களுக்கு விளங்க வேண்டாமா?

தம்பி மனைவி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வீட்டில் நான் பேசினால் கடைசிவரை கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

வருஷங்கள் ஓடின. போன வாரம் குழந்தை அம்மாவைக் காட்டு என்று கேட்டுவிட்டாள். தனியாகப் பார்க்கத் தைரியமில்லாமல் தம்பி எங்களையெல்லாம் கூப்பிட்டான். தன் போனில் ஆல்பத்தைத் திறந்து டிவியோடு இணைத்தான். திரை முழுக்கச் சாம்பல் நிறக் கட்டங்கள். கீழே தள்ளினான். மறுபடியும் கட்டங்கள். குழந்தை எழுந்து போய் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அப்பா, அம்மா இதுவா?"

நான் ஸ்பீடின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுத்துப் போயிருந்தது. ரொம்ப நாளுக்குப் பிறகு எனக்கு மனசு லேசானது.

என்னிடம் பிரதி இருக்கிறதா என்கிறீர்கள். இல்லை. உறவினர் போன்களில் நாலைந்து கூட்டப் படங்கள் தேறலாம். கடைசி வரிசையில் யார் தோளுக்காவது பின்னால் பாதி முகமாக நிற்பாள். மற்றதெல்லாம் போனது போனதுதான். நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். எங்கே வேண்டுமானாலும் இதைச் சொல்கிறேன்.

எனக்கு இருக்கிற வருத்தம் ஒன்றுதான். தம்பி சுவரில் சாய்ந்து அழுதான், தங்கை அழுதாள், ஸ்பீடு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் பொறுமையாகக் காத்திருந்தேன். அந்த நேரத்தில்கூட ஒருத்தராவது என் பக்கம் திரும்பி, அன்றைக்கு நீ சொன்ன தளம் எது என்று கேட்கவில்லை.