மூணாவது மெஷின்

அந்தக் குண்டூசிய கீழ வைங்கண்ணா. மோடத்துக்குப் பின்னாடி இருக்கற அந்தச் சின்ன ஓட்டையில குத்தத்தான போறீங்க, தெரியும். எதுக்கெடுத்தாலும் அதான உங்க வைத்தியம். இப்ப வேணாம். முதல்ல உங்க லேப்டாப்ப அதுல மாட்டுங்க. உள்ள ஒரு லிஸ்ட் இருக்கும், அதப் பாத்துச் சொல்லுங்க. அப்புறம் எங்க வேணா குத்துங்க.

நீங்க தமிழ்தான்னு எனக்கு எப்படித் தெரியும்னா, கீழ வண்டிய நிறுத்திட்டு போன்ல பேசினீங்கல்ல. வீடு எங்க, ஈஜிபுராவா? பேரு? சரி, ரவிக்குமார் அண்ணா, நான் ஜூலியா. கம்ப்ளெயிண்ட் குடுத்தது நான்தான். சனிக்கிழம குடுத்தேன், இன்னைக்கு வியாழன். தெருவுல நவநாள் கூட்டம், வண்டி உள்ளயே வரலன்னு மட்டும் சொல்லாதீங்க. குழந்தை இயேசு கோயில்ல நவநாள் வாரத்துக்கு ஒருநாள், வியாழன் மட்டும்தான். மிச்ச நாலு நாள் எங்க போனீங்க?

கோவமா? இருக்கு, ஆனா உங்க மேல இல்ல. நான் லா படிக்கறேன், ரெண்டாவது வருஷம். நான் காபி கேட்டாலே கேஸ் போடற மாதிரி இருக்குதுன்னு எங்கம்மா சொல்வாங்க. தண்ணி வேணுமா உங்களுக்கு? நான் குடிக்கறேன்.

லேப்டாப் ஆன் ஆகட்டும், அதுக்குள்ள சொல்லிடறேன். வீட்டு கம்ப்யூட்டர் எங்கன்னு கேட்டீங்கல்ல. அந்த மேசை மேல தூசி இல்லாம சதுரமா ஒரு இடம் தெரியுது பாருங்க, அங்கதான் இருந்துச்சு. எங்கண்ணன் நீலோட லேப்டாப்பும் இல்ல. ரெண்டையும் காலையில எட்டு மணிக்கு போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டாங்க. நீலையும்.

உக்காருங்கண்ணா. எழுந்துக்காதீங்க. உங்களுக்கு ஒண்ணும் வராது.

செவ்வாக்கிழம சாயங்காலம் நாலு மணிக்கு ஏதோ ஒரு ஆபீஸுக்கு மெயில் போயிருக்கு, குண்டு வெச்சிருக்கோம்னு. தேடிப் பாத்திருக்காங்க, ஒண்ணும் இல்ல. ஆனா மெயில் போனது எங்க கனெக்‌ஷன்லேந்து. கனெக்‌ஷன் நீல் பேர்ல. நாலு மணிக்கு நீ எங்க இருந்தன்னு கேட்டாங்க. இங்கதான், இந்த சோஃபாவுல. காய்ச்சல்னு லீவு போட்டிருந்தான். நான் காலேஜ்ல, அம்மா ஸ்கூல்ல. சாட்சி யாருன்னா, ரெண்டு மாத்திரை காலியான ஒரு அட்டை. ஊர்ல இப்ப இருக்கற பயத்துல அத யாரு பாப்பாங்க?

சும்னே விசாரணெ, அஷ்டேன்னு கன்னடத்துல சொன்னாரு இன்ஸ்பெக்டர். சும்மா விசாரிக்க நாலு பேரு எதுக்கு சார்னு கேட்டேன். வாரண்ட் எங்கன்னும் கேட்டேன். மேடம் லா படிக்கறாங்களான்னு சிரிச்சாரு. கெட்ட சிரிப்புகூட இல்ல. அதான் இன்னும் பயமா இருந்துச்சு. நீல் சட்ட பட்டன மாத்திப் போட்டுட்டான். சரிபண்ணக்கூட விடாம அப்படியே கூட்டிட்டுப் போனாங்க. அம்மாவும் ஓஸ்வால்ட் மாமாவும் பின்னாடியே ஆட்டோவுல போயிருக்காங்க. பத்தரைக்கு அம்மா போன் பண்ணாங்க. உள்ள விடலியாம். உள்ளேந்து ஏதாவது சத்தம் கேக்குதாம்மான்னு கேட்டேன். போன வெச்சிட்டாங்க.

இதுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தமா? சொல்றேன் கேளுங்க.

ரெண்டு வாரம் முன்னாடி நெட் நின்னுபோச்சு. உங்க கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணேன். குண்டூசி எடுங்க மேடம், பின்னாடி ஓட்டையில அழுத்துங்க, பத்து எண்ணுங்கன்னாங்க. எண்ணினேன். நெட் வந்துச்சு. தேங்க்யூ ஃபார் காலிங். ஆனா அப்படி அழுத்தினா ஒயர்லெஸ்ஸுக்கு நீல் போட்டு வெச்சிருந்த பாஸ்வேர்டும் போயிடும்னு அந்தப் பொண்ணு சொன்னாளா? சொல்லல. வாசக்கதவு ரெண்டு வாரம் தொறந்தே கிடந்துச்சுண்ணா, எங்களுக்கே தெரியாது. நீல் வந்து நெட்டோட பழைய பேர மட்டும் திருப்பி வெச்சான், விவேக்நகர் நீல்னு. அவனுக்குப் பேருதான் முக்கியம்.

அப்புறம் நெட் நத்தை மாதிரி ஆயிடுச்சு. சனிக்கிழம நானே மோடத்துக்குள்ள போயி பாத்தேன். யார் யாரு சேந்திருக்காங்கன்னு வரிசையா காட்டும்ல, அந்த லிஸ்ட். எங்க வீட்ல மெஷின் ரெண்டு. லிஸ்ட்ல மூணு. மூணாவது பேரு தினேஷ் பிசி. தினேஷ்னு எங்களுக்கு யாரையும் தெரியாது. பக்கத்துல பசங்க தங்கற பிஜி ஹாஸ்டல் இருக்கு, அதுல எத்தன தினேஷோ. அவன்தான் மெயில் அனுப்பினான்னு நான் சொல்ல மாட்டேன், ஆதாரமில்லாம ஒருத்தனச் சொல்றதுன்னா எனக்கும் அந்த இன்ஸ்பெக்டருக்கும் என்ன வித்தியாசம்? இந்த வீட்டு நெட்ல வெளியாள் ஒருத்தன் இருந்தான். அவ்வளவுதான் எனக்கு வேணும். சந்தேகத்தோட பலன் நீலுக்கு வந்துடும்.

அன்னைக்கே உங்க ஆபீஸ்ல சொன்னேன். ஆள் வருவாங்க மேடம், அதுவரைக்கும் எதையும் தொடாதீங்கன்னாங்க. நானும் தொடல. நாலு நாள் தொடல. செவ்வாக்கிழமைக்கு முன்னாடி நீங்க வந்திருந்தா, ஒரு பாஸ்வேர்டு போட அஞ்சு நிமிஷம் ஆகுமா? இல்ல, உங்க மேல கோவமில்லன்னேன். உங்க மேலயும் கொஞ்சம் இருக்கு போல.

மோடத்த போலீஸ் எடுக்கல. டெலிபோன் பொட்டின்னு நெனச்சிட்டாங்க. அப்புறம் ஸ்டேஷன்லேந்து போன் வந்துச்சு, மூணு மணிக்கு ஆள் வந்து எடுத்துப்பாங்களாம். அதான் சொல்றேன், அதுக்குள்ள லிஸ்ட்டப் பாருங்க. பாக்க எங்க வீட்ல மெஷினே இல்ல. தினேஷ் பிசின்னு வரும். இங்கிலீஷ்ல, எல்லாம் பெரிய எழுத்து.

வந்துடுச்சா?

விவேக்நகர் நீல்னு பேரு காட்டலியா. உங்க கம்பெனி பேருதான் காட்டுதா. சரி. லிஸ்ட்டுக்குப் போங்க. உங்க மெஷின் மட்டுமா? கீழ இழுத்துப் பாருங்கண்ணா. இன்னொரு பக்கம் ஏதாச்சும் இருக்கும். பழசெல்லாம் எங்கயாவது ஒதுக்கி வெச்சிருக்கும்ல, அவ்வளவு சீக்கிரம் போயிடுமா?

ஸ்பீடு நல்லா வருதா. வரும். கம்ப்ளெயிண்ட் தீந்துச்சுன்னு எழுதிக்கோங்க.

இல்ல, மோடத்த போலீஸ் தொடல. நீல் சட்ட மாட்டிட்டிருந்தான். இன்ஸ்பெக்டர் வாசல்ல நின்னு, உன் கூட்டாளிங்க யாருடான்னு கேட்டாரு. எனக்கு அந்த லிஸ்ட் ஞாபகம் வந்துச்சு. தினேஷ்ங்கற பேர இவங்க பாத்தா, யாரு தினேஷ்னு நீல்கிட்ட கேப்பாங்க. அவனுக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லச் சொல்ல அடிப்பாங்க. அப்படித்தான் ஓடிச்சு என் மூளை. காலேஜ்ல அத்தன பேர்கிட்ட வாதாடறவ, இங்க எதிர்ல பேச ஆளில்லாம நானே வாதாடி நானே தீர்ப்பும் சொல்லிட்டேன். அவங்க பீரோவ திறந்துட்டிருந்தாங்க. நான் மேசைக்குப் பின்னாடி கைய விட்டு, மோடம் ஓட்டையில குண்டூசிய அழுத்தி, உங்க ஆபீஸ்ல சொல்லிக்குடுத்த மாதிரியே நிதானமா பத்து எண்ணினேன். ஜீப் தெருமுனை திரும்பினதுக்கு அப்புறம்தான் தோணுச்சு, அவனுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் பேருதான்னு.

அந்தக் குண்டூசிய உங்க பையில போட்டுக்காதீங்கண்ணா, அது என்னோடது. மூணு மணிக்கு அவங்க வந்தா, மோடத்தோட அதையும் குடுக்கணும்.