நாலாம் நம்பர் ரவை

– "டிசம்பர் ஒன்பது, செவ்வாய். இன்று ஒரு சிறு பிழை செய்தேன். பர்ல் மச்சான் அடைத்துக் கொடுத்த தோட்டா ஒன்றைப் பிரித்து ரவைகளை எண்ணினேன். நாலாம் நம்பர் எஃகு ரவை, ஒன்றேகால் அவுன்சுக்கு இருநூற்று நாற்பது இருக்க வேண்டும். நூற்று அறுபத்தொன்பதுதான் வந்தது. எனக்குச் சரியாக எண்ணத் தெரியவில்லை போலும்." நேத்து ராத்திரி எழுதினதா? அட வெண்டல் மாப்ள! பொண்டாட்டி ஊர்ல இல்லேன்னா மனுஷன் இப்படியா ஆவான்?

– நோட்டைக் குடுங்க, மச்சான். வேட்டைக் குழிக்குள்ள உக்காந்து படிக்கறதா? வாத்து வர்ற நேரம்.

– வரட்டுமே. அதுங்களுக்கும் படிச்சுக் காட்டலாம். நாலு சிரிச்சே செத்துடும், தோட்டா மிச்சம்.

– மூணு தடவை எண்ணினேன். மூணு தடவையும் அதேதான்.

– நீ போற ராத்திரி வகுப்புல கூட்டல் சொல்லித் தர்றாங்களா, இல்ல தாலாட்டு பாடறாங்களா?

– இன்னொண்ணும் இடிக்குது. எஃகு லேசு. ஈயத்துல நாலாம் நம்பர் போதும்னா, எஃகுல ரெண்டு சைஸ் பெருசா எடுக்கணும், ரெண்டாம் நம்பர்; நம்பர் குறையக் குறைய ரவை பெருசு. நாற்பது கஜத்துல எஃகுல நாலாம் நம்பர் தடுமாறும்னு கடைக்காரரும் சொல்றார். என் துப்பாக்கியில மட்டும் பச்சைத்தலை ஆண் வாத்து கல்லு மாதிரி விழுது. ஒருவேளை நான் தூரத்தைத் தப்பா அளக்கறேனோ என்னவோ.

– விழுதுல்ல? கும்பிட்டுட்டுப் பொறுக்கு. எதுக்கு விழுந்துச்சுன்னு வாத்துகிட்டயா விசாரிக்கப் போற?

– நீங்க மட்டும் கடையில வாங்கின ரெண்டாம் நம்பர் போடறீங்களே.

– எனக்குக் கை நடுங்காது, எதைப் போட்டாலும் விழும். நீ சின்ன ஆளு, உனக்குச் சின்ன ரவை. சூடான பிஸ்கட் ரொட்டியைத் தின்னு, ஆறிடும்... யாரு அது, வரப்புல? வெல்டாம்மாவா? தலையைக் குனிங்கம்மா, வாத்து மிரளும்!

– என் வயல்ல நான் எதுக்குக் குனியணும்? எழுந்திரிங்க ரெண்டு பேரும். இந்த வாத்தைப் பாருங்க.

– ஐயோ, சிறகு தொங்குதே. அடிபட்டதா, வெல்டாம்மா?

– பறக்க முடியாம வரப்போரமா கிடந்தது. இந்த வாரத்துல ஆறாவது. என் நெல்லைத் தின்னு கொழுக்க வந்ததுங்க, கோணிப்பை மாதிரி துவண்டு சாவுதுங்க.

– நான் அப்பவே சொன்னேன், வெல்டாம்மா! மாப்ளயோட கடுகு ரவைதான். கொல்லாது, கீறி விடும். தூரத்துல போய் விழும் பாவம்.

– நானா இருக்கலாம், வெல்டாம்மா. நான் சுட்டது தப்பிப் போயிருக்கலாம்.

– இரு வெண்டல், அவசரப்படாதே. உடம்புல ஒரு ஓட்டை இல்ல. நேத்து ஒண்ணை அறுத்துப் பார்த்தேன். இரைப்பைக்குள்ள ஏழு ரவை.

– சேத்துல கிடந்ததைக் கல்லுன்னு நினைச்சு முழுங்கியிருக்கும். எஃகு ஒண்ணும் பண்ணாதே!

– காந்தம் வச்சேன். ஒட்டல. பல்லால கடிச்சேன், பள்ளம் விழுந்தது. ஈயம். வாத்து வேட்டைக்கு ஈயம் கூடாதுன்னு சட்டம் வந்து எத்தனை வருஷமாச்சு? எவன் என் வயல்ல விஷம் விதைச்சான்? அவனுக்கு இனிமே இந்தக் குழி கிடையாது. தோட்டாவை வெளியே எடுங்க.

– என்னோடது பாருங்க. கடைப் பெட்டி, சீல் கூட முழுசாப் பிரிக்கல.

– வெண்டல், உன்னோடது? குடு, காந்தம் வச்சுப் பாக்கறேன்... ஒட்டல.

– நான் எண்ணினது சரிதான். ஈயம் கனம், ஒண்ணேகால் அவுன்சுக்கு நூற்று அறுபத்தொன்பதுதான் வரும்.

– அடப் பாவி மாப்ள! இத்தனை நாளா ஈயமா சுட்ட? எங்கிட்ட ஒரு வார்த்தை...

– நீங்க அடைச்சது, மச்சான்.

– நானா? எனக்கு ஞாபகம் இல்லியே.

– உங்க அப்பா வச்சுட்டுப் போன ஈய ரவை மூட்டை, உங்க கொட்டகையில இருக்கே.

– சரி, அதுலேருந்துதான்னே வச்சுக்கோ. எஃகை வச்சு நீ ஒரு சிறகைக் கூட உதிர்த்திருக்க மாட்ட. உன் மானத்தைக் காப்பாத்தினேன். நன்றி சொல்றத விட்டுட்டு எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கான்!

– ஆனா சுட்டது வெண்டல் துப்பாக்கி.

– அப்படிச் சொல்லுங்க, வெல்டாம்மா! சட்டம் பையில வச்சிருக்கறவனைத்தான் பிடிக்கும். அடைச்சவனை இல்ல.

– வெண்டல், எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. நாளையிலேருந்து நீ வராதே.

– வரலை, வெல்டாம்மா. நீங்க சொல்றது நியாயம். நாளைக்கு வேற வேலையும் இருக்கு.

– வேலையா? என்னடா மாப்ள, குருவிக்குக் காது எண்ணப் போறியா?

– நாளைக்கு வியாழன். காலை எட்டு மணிக்கு வேட்டை அதிகாரி ஆபீஸ் திறக்கும். தோட்டாப் பெட்டி, அறுத்த இரைப்பை, என் லைசென்ஸ், மூணையும் மேஜை மேல வச்சு, சுட்டது நான்னு எழுதிக் குடுக்கணும். அப்புறம் அவரை உங்க கொட்டகைக்குக் கூட்டிட்டு வரணும், மச்சான்.