சோடாக்கடையில் சொன்ன சொல்

— இன்னாம்மா சொன்ன இப்ப? இன்னொரு தபா சொல்லு.

— ஒரு சோடா ஒடைங்கனு கேட்டேன்க்கா.

— அது இல்ல. வந்து பெஞ்சுல உக்காந்ததும் ஒண்ணு சொன்னியே, அது.

— அண்ணாமலைய முடிச்சுட்டேன்னு சொன்னேன். ஏன்க்கா, சோடா கீழ ஊத்துது பாருங்க.

— ஊத்தட்டும். முடிச்சுட்டேன்னா இன்னா அர்த்தம்?

— மலை சுத்தி முடிச்சுட்டேன்னு அர்த்தம். காலையில கெளம்புனவ இப்பதான் இந்தத் தேரடிக்கு வந்து சேந்தேன். கால பாருங்க, கல்லு கிழிச்சுடுச்சு. பொடவ ஓரமெல்லாம் ரத்தம்.

— மலை சுத்திட்டேன்னுதானே எல்லாரும் சொல்லுவாங்க.

— இது எங்க வூட்டுப் பேச்சுக்கா. எங்கப்பாவுக்கு மலைங்கன்னா பைத்தியம். பர்வதமலைய முடிச்சேன், தீர்த்தமலைய முடிச்சேன்னு பெருமை அடிச்சுப்பாரு. புள்ளைங்க எங்களுக்கும் அதே வாய் வந்துடுச்சு. ஏன் இப்படிப் பாக்குறீங்க?

— அந்த ஆளும் இதையேதாம்மா சொன்னான்.

— எந்த ஆளு?

— எமர்ஜென்சி வந்த வருஷம். இதே பெஞ்சு. வேட்டி ஓரத்துல ரத்தம். மூச்சு வாங்கிக்கினு உக்காந்தான். அண்ணாமலைய முடிச்சுட்டேன், ஒரு சோடா குடுங்கன்னான். சிரிச்சான் வேற. அன்னிக்கு மத்தியானமே மண்டிக்கார அண்ணாமலை ஏரிக்கரையில வெட்டுப்பட்டுக் கெடந்தான்.

— மண்டிக்காரரா?

— ஆமா, மல்லாட்ட மண்டி, வேர்க்கடல யாவாரம். சோடா குடிச்ச ஆளு கீழ்பென்னாத்தூர் பக்கம். மூட்ட எடையில ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே தகராறாம். அப்புறம் யாரு வேற மாதிரி நெனப்பாங்க?

— நீங்கதானா சோடாக்கட ஜோதியம்மாள்?

— நான்தான். ஏன்?

— கோர்ட்டுல என்ன சொன்னீங்க? முடிச்சுட்டேன்னு சொன்னார்னா சொன்னீங்க?

— நான் போலீஸ்கிட்ட அப்படித்தான் சொன்னேன். எழுதுனவரு, முடிச்சுட்டேன்னா கொன்னுட்டேன்னுதானேமா, நல்லா புரியற மாதிரி எழுதிக்கறேன்னாரு. எனக்கும் அதான் அர்த்தம்னு பட்டுச்சு, ஆமாங்கன்னேன். கோர்ட்டுல, கொன்னுட்டேன்னு சொன்னானானு கேட்டாங்க. அதுக்கும் ஆமாங்கன்னேன்.

— அப்படிச் சொல்லவே இல்லனு அவரு கத்துனாரே.

— கத்துனான். கூண்டப் புடிச்சிக்கினு, இந்தம்மா பொய் சொல்றாங்கன்னான். நான் சாமி சத்தியமா பொய் சொல்லலம்மா. ஆமா, உனக்கு எப்படி அதெல்லாம் தெரியும்?

— அன்னிக்கு நானும் அங்கதான் கெடந்தேன், கோர்ட்டு வாசல்ல. யாரோ சொல்லிக்குடுத்து நீங்க பொய் சொல்றீங்கனுதான் இத்தினி வருஷமா நெனச்சேன். உங்க பேரச் சொல்லி மண்ண வாரித் தூத்தியிருக்கேன். முடிச்சுட்டேன்னு சொன்னாருனு ஒரே ஒரு ஆளு எங்க காதுல போட்டிருந்தா, எங்க வூட்டுச் சின்னப் புள்ள கூட அர்த்தம் சொல்லியிருக்கும்.

— யாரும்மா நீ?

— கூண்டுல நின்ன காசியோட தங்கச்சி. கஸ்தூரி.

— ஐயோ தாயே.

— நீங்க சொன்னதும் பொய் இல்ல. எங்க அண்ணன் சொன்னதும் பொய் இல்ல. எனக்கு யார்மேல கோவப்படறதுனே தெரியலக்கா.

— இத்தினி வருஷமா மலை சுத்திட்டு வரவங்களுக்குத்தானே சோடா ஒடைக்கறேன். ஒரு தபா, ஒரே ஒரு தபா எனக்குத் தோணலியே. எந்திரிம்மா. கட கெடக்கட்டும். வக்கீல் வூடு பக்கத்துத் தெருதான்.

— அக்கா.

— கோர்ட்டுக்கு வரேன். மெட்ராசுக்குக் கூப்ட்டாலும் வரேன். கொன்னுட்டேன்னு சொல்லல, முடிச்சுட்டேன்னுதான் சொன்னான், அது மலையத்தான்னு சொல்றேன். என்ன உள்ள வெச்சாலும் வெக்கட்டும். தூக்க நிறுத்தச் சொல்லி டெல்லிக்குக் கருணை மனு போயிருக்குனு பேசிக்கினாங்களே. பதில் வரதுக்குள்ள போயிடலாம்.

— உக்காருங்கக்கா.

— இன்னாம்மா, இப்படிக் கல்லு மாதிரி உக்காந்துக்கினு இருக்க? உன் அண்ணனாச்சே.

— கடைசியா பாக்கப் போனப்ப அண்ணன் ஒண்ணுதான் கேட்டுச்சு. எனக்குப் பதிலா நீ ஒரு தடவ அண்ணாமலைய முடிச்சுட்டு வந்துடுன்னுச்சு. அதான் இன்னிக்கு வந்தேன்.

— அவனே வந்து சுத்துவாம்மா. நான் கூட வரேன். மொதல்ல எந்திரி.

— போன மாசமே விடியக்காலையில அண்ணன முடிச்சுட்டாங்கக்கா.