அக்காவுக்கு ஒன்பது நாள் ஓய்வு

இளமைக்கு அந்த மருத்துவமனையில் விலை எழுதி ஒட்டியிருந்தார்கள், மேடம். வரி தனி. நான் பாத்திர வியாபாரியின் மகள். எழுதிப்போட்ட விலையை அப்படியே கொடுத்தால் எனக்குச் சோறு இறங்காது. பேசிப் பேசிப் பத்து சதவீதம் குறைத்தேன். வயிற்றில் இறுக்கிக் கட்டும் பட்டை ஒன்றை இலவசமாகவும் வாங்கினேன். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்கா என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. எங்கள் திரைத்துணிக் கடையின் கல்லாவில் இருபது வருடம் உட்கார்ந்தவர். நான்கு பிள்ளை பெற்ற அவர் வயிறு, எழுந்து போக மனமில்லாத வாடிக்கையாளர் மாதிரி மேஜைமேல் தனியாக உட்கார்ந்திருக்கும். அதைத்தான் எடுக்கப் போனோம்.

இந்தப் பக்க இடுப்பிலிருந்து அந்தப் பக்க இடுப்புவரை கீறி, தொங்குகிற தோலை வெட்டி, விலகிய தசையை இழுத்துத் தைத்து, தொப்புளுக்குப் புது இடம் பார்த்து வைக்கிறார்கள். துணிக்கடைக்காரிக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணன்தம்பி இருவரும் கொள்முதலுக்கு வெளியூர் போயிருந்தார்கள். பிள்ளைகள் விடுதியில். பார்த்துக்கொள்ள நான்தான்.

இப்போது உங்கள் மேஜையில் இருக்கும் தாளைக் கொடுத்தார்கள். மொத்தம் பதினான்கு வரி. தலையணை வைத்து முழங்காலை மடக்கிப் படுக்கவும். ஒரு வாரம் நிமிர வேண்டாம், குனிந்தபடியே இருக்கவும். கனம் தூக்கக் கூடாது. தினமும் காலையில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருடைய கண்ணாடி கடையிலேயே தங்கிவிட்டது; எடுத்துவர ஒவ்வொரு நாளும் மறந்தேன்.

ஆறாவது வரியை வாசிக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து சிறிது நடக்கவும், இல்லாவிட்டால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்கும் என்கிற வரி.

"டாக்டர் நடக்கணும்னு ஏதோ சொன்னாரேடி?"

"அது தையல் காய்ஞ்ச பிறகுக்கா. இப்ப எழுந்தீங்கன்னா உள்தையல் பிரிஞ்சிடும். குடுத்த காசு வீணாப் போகணுமா?"

காசு என்றதும் அக்கா படுத்துக்கொண்டார். ஊட்டிவிட்டேன். மலச்சட்டி வைத்து எடுத்தேன். நர்ஸ் போனில் கேட்டபோது, நன்றாக நடக்கிறார் என்றேன்.

ஏன் என்று கேட்டீர்கள். பதினோரு வருடத்துக்கு முன்பு, நான்காம் மாதத்தில் எனக்கு உதிரம் பட்டது. இருபத்தொரு நாள் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அக்கா அந்தச் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, துணி அளவுச் சீட்டுகளைக் குத்தும் கம்பியில் செருகி வைத்தார்.

"இவ என்ன ராஜாவீட்டுப் பொண்ணா? நாலு பெத்தவ சொல்றேன், ஏறி இறங்கினாத்தான் பிள்ளை சுகமா வரும். அந்தத் துணிக்கட்டை மாடியில வெச்சிட்டு வா."

வைத்துவிட்டு வந்தேன். இருபத்தொரு நாளும் வைத்துவிட்டு வந்தேன். கடைசி நாள் மாடிப்படியிலேயே முடிந்துவிட்டது. அன்றிலிருந்து என் வயிறு தட்டையாகவே இருக்கிறது, மேடம். அதற்கு யாரும் என்னிடம் காசு கேட்கவில்லை.

ஆறாம் நாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னையும் அப்ப கொஞ்சம் படுக்க விட்டிருக்கலாம்டி" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் யோசிக்காமல் இல்லை. தலையணை உறை மாற்றி முடிக்கும்வரை யோசித்தேன். ஆனால் 'கொஞ்சம்' என்றார் பாருங்கள். முழுச் சரக்கையும் எடுத்துக்கொண்டு பாதி விலை பேசுகிறவர்களிடம் அப்பா பேச்சை வளர்க்கமாட்டார்.

ஏழாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கிச் சுட்டது. பன்னிரண்டாவது வரி அதைப் பற்றித்தான்: ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே வரவும், தேய்க்கக் கூடாது. எண்ணெய் விட்டு நன்றாகப் பிடித்துவிட்டேன். "உன் கை பட்டாலே சுகமா இருக்குடி" என்றார்.

ஒன்பதாம் நாள் காலை மூச்சு முட்டுகிறது என்றார். ஜன்னலைத் திறந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தபோது அக்காவுக்கு அது தேவைப்படவில்லை.

நீங்கள் இதைக் கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் கை ஓங்கவில்லை, குரல்கூட உயர்த்தவில்லை; ஒரு மருமகள் இன்னொரு மருமகளுக்குச் செய்த பணிவிடைதான்.

படுக்க வேண்டிய என்னை அவர் நடக்க வைத்தது இருபத்தொரு நாள். நடக்க வேண்டிய அவரை நான் படுக்க வைத்தது ஒன்பது நாள். மீதி பன்னிரண்டு நாள் நான் அக்காவுக்குத் தர வேண்டியிருக்கிறது. அது ஒன்றுதான் எனக்கு உறுத்தல்.