கட்சி சொல்றதுக்கு முன்னாடி

பேசாதீங்க வில்மா, பேசுனா இன்னும் வலிக்கும். பல்லு வலில கன்னம் நல்லா வீங்கிருக்கு. உப்புத் தண்ணி வச்சு கொப்புளிச்சீங்களா? சரி, இப்படி ஜன்னல் பக்கம் உக்காருங்க, அந்த நாற்காலிக்குக் கால் ஆடுது. நான் பேசறேன், நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்.

பாருங்க, போன குளிர்காலத்துலேர்ந்து ஒரே அடுப்புல சமைக்கிறோம், ஒரு நாளாவது உக்காந்து பேசியிருக்கோமா? வீடு ஒதுக்கற ஆபீசர் வந்து, இந்தம்மா எடெல்கா, இந்தம்மா வில்மா, இந்த ரூம் இவங்களுக்கு, அந்த ரூம் அவங்களுக்குன்னு சொல்லிட்டுப் போனாரு. அதோட சரி.

ரேடியோ சத்தமா இருக்கா? இருக்கட்டும். மேல் வீட்டுக்காரம்மாவுக்கும் பாட்டு பிடிக்கும்.

என் வேலையா? தெரியாதா உங்களுக்கு? லேத் தொழிற்சாலைல கட்சி வகுப்பு எடுக்கறேன். ஷிஃப்ட் முடிஞ்சதும் சாப்பாட்டுக் கூடத்துலயே நடக்கும். முட்டைக்கோஸ் சூப் வாசனைக்கு நடுவுல நின்னு, முதலாளித்துவம் ஏன் அழுகிட்டிருக்கு, நாம ஏன் அவங்களத் தாண்டிப் போயிடுவோம், இன்னைக்கு வயித்தக் கட்டுனா நாளைக்கு எப்படி நல்லா இருப்போம், இதெல்லாம் சொல்லுவேன். ஏழு மணிலேர்ந்து நின்னு வேல செஞ்சவங்க, கண்ணத் தொறந்துகிட்டே தூங்குவாங்க.

சிரிக்காதீங்க, வலிக்கும். ஆனா ஒண்ணு, நான் பொய்னு தெரிஞ்சு சொல்லிக் குடுத்தேன்னு நெனச்சுடாதீங்க. எங்கப்பா செங்கல் சூளைல வேல செஞ்சு, அங்கயே ரத்தம் கக்கிச் செத்தாரு. மொதலாளி வீட்லேர்ந்து ஒருத்தர் கூட எட்டிப் பாக்கல. என்னைப் படிக்க வச்சது யாரு? கட்சி. டீச்சர் ஆக்குனது யாரு? கட்சி. நமக்கு எது நல்லதுன்னு நம்மள விட கட்சிக்கு நல்லாத் தெரியும்னு நான் வகுப்புல சொல்லுவேன் பாருங்க, அதை நான் மனசார நம்புனேன். இப்பவும் பாதி நம்பறேன். அந்தப் பாதிதான் என்னைத் தூங்க விடமாட்டேங்குது.

ஆமா, வீட்டுக்காரரும் அங்கதான் இருந்தாரு. ரெஜோ. ஃபிட்டர். சுவத்துல இருக்கே அந்தப் படத்துல, தொப்பியச் சாய்ச்சு வச்சுகிட்டு, அவருதான். நல்லவேளை நீங்க அதை எடுக்கச் சொல்லல.

அவரு கதையச் சொல்றேன். வகுப்புல யாரும் கேள்வி கேக்கலைன்னா மேலேர்ந்து திட்டு வரும். டீச்சர் சரியில்ல, ஜனங்களுக்கு ஆர்வம் வரலைன்னு எழுதிருவாங்க. எல்லா டீச்சரும் என்ன செய்வாங்க, தெரிஞ்சவங்க ரெண்டு பேருகிட்ட முன்னாடியே கேள்வியக் குடுத்துருவாங்க. ஒரு தடவை எனக்கு ஆள் கெடைக்கல. ரெஜோகிட்ட கெஞ்சுனேன். நீயாவது எந்திரிச்சு, அமெரிக்காவுல தொழிலாளி நெலமை ஏன் வருஷா வருஷம் மோசமாகுதுன்னு கேளுய்யான்னு. சரி சரின்னாரு, பன்னிக் கொழுப்பத் தடவி ரொட்டி தின்னுகிட்டே.

எந்திரிச்சாரு. கேட்டாரு. ஆனா நான் குடுத்த கேள்விய இல்ல.

தோழரே, நாம லேத் செய்யறோம். அந்த லேத்த வாங்கிட்டுப் போற தொழிற்சாலைல இன்னொரு லேத் செய்யறாங்க. அதை வச்சு அடுத்த ஊர்ல இன்னும் பெரிய லேத் செய்யறாங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகம், எத்தனாவது லேத்துலேர்ந்து எம் பொண்ணுக்கு ஒரு ஜோடி ஷூ வரும்?

இதான். இவ்வளவுதான். ஆனா கூடமே சிரிச்சிருச்சு வில்மா! தூங்கிட்டிருந்தவன் எல்லாம் மேசையத் தட்டிச் சிரிக்கறான். நான் அங்கயே நின்னு, பாடத்துல இருக்கற பதில அப்படியே ஒப்பிச்சேன். கனரகத் தொழில்தான் அடித்தளம், ஷூ பின்னால வரும்னு. ஒருத்தன் காதுலயும் விழல.

அந்தச் சிரிப்புக்காகத்தான் புடிச்சுட்டுப் போனாங்க. கேள்விய மன்னிச்சிருப்பாங்க. கல்குவாரிக் கைதி முகாம். கோர்ட்டு இல்ல, வக்கீல் இல்ல. கட்சிச் செயலாளர் போடிஷ் என்னைக் கூப்புட்டு விட்டாரு. கெட்ட மனுஷன்னு சொல்லமாட்டேன், பாவம், அவருக்கே கண்ணுக்குக் கீழ கருவளையம். தோழர் எடெல்கா, விவாகரத்துக்கு எழுதிக் குடுத்துருங்க, இல்லன்னா உங்க பொண்ணு பிரோஷ்கா காலேஜுல இருக்க முடியாது, நீங்களும் வகுப்பு எடுக்க முடியாதுன்னாரு. நான் அழுதேன். கதவச் சாத்திட்டு வந்து, அவரும் மூக்க உறிஞ்சுனாரு. எழுதிக் குடுத்தேன். அதுக்கப்புறம்தான், பொண்ணும் காலேஜ் விடுதில இருக்கா, ஒருத்திக்கு ரெண்டு ரூம் எதுக்குன்னு உங்கள இங்க போட்டாங்க.

ஐயோ, நீங்க ஏன் எந்திரிக்கறீங்க? உங்களக் குத்தம் சொல்லல. நீங்களா கேட்டு வந்தீங்க? உக்காருங்க.

இந்தக் கோடைல என்ன நடந்துச்சுன்னு பேப்பர்ல பாத்தீங்கல்ல? தப்பு நடந்துருச்சு, கனரகத் தொழில்ல ரொம்ப வேகமாப் போயிட்டோம், ஜனங்களுக்கு வேண்டிய சாமான கவனிக்கலன்னு மேலயே சொல்லிட்டாங்க. எனக்குப் புதுப் பாடம் வந்துச்சு. பிரிச்சுப் பாக்கறேன், இயந்திரம் செய்யற இயந்திரத்தையே செய்துகொண்டிருந்தால் மக்களின் தேவைகள் எப்படி நிறைவேறும்னு அச்சடிச்சிருக்கு! ஷூங்கற வார்த்தை ஒண்ணுதான் பாக்கி.

போடிஷ்கிட்ட ஓடுனேன். தோழரே, இதைத்தானே ரெஜோ கேட்டாரு, அப்ப அவரு சொன்னது சரிதானேன்னு. அந்தாளு பாடத்த வாங்கி அந்த வரியப் படிச்சுப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு: சரிதான். ஆனா கட்சி சொல்றதுக்கு முன்னாடி சொல்லிட்டாரே.

போன திங்கக்கிழமை அந்தப் பாடத்த நான் எடுத்தேன். அதே கூடம், அதே ஆளுங்க. ரெஜோ கேட்டத நான் வாசிக்கறேன். ஒருத்தரும் சிரிக்கல. எல்லாரும் தலையக் குனிஞ்சு எழுதிக்கிட்டாங்க.

ஆமா, முகாமக் கலைச்சுட்டாங்க. எல்லாரையும் விட்டாங்க. ஆனா நம்ம புடாபெஸ்ட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. கிழக்க எங்கயோ ஒரு ஊரக் காட்டி, அங்க போயி போலீஸ்ல கையெழுத்துப் போடுன்னு அனுப்பியிருக்காங்க.

அவரா? ம்... அந்த ஊருக்குப் போகல.

இங்க இருக்காரு. என் ரூம்ல. ஞாயித்துக்கிழமைலேர்ந்து.

கத்திடாதீங்க வில்மா, தயவு செஞ்சு. நீங்க ஆபீஸ் போனதும் வெளிய வருவாரு, சாப்புடுவாரு, குளிப்பாரு. நீங்க வர்றதுக்குள்ள உள்ள போயிருவாரு. இன்னைக்கு நீங்க வீட்டுல இருப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்? காலைலேர்ந்து ஷூவக் கழட்டி வச்சுட்டு கட்டில் ஓரத்துல உக்காந்திருக்காரு. பலகைத் தரை கத்தும்னு காலக் கூட நீட்டல. ஐம்பது வயசு மனுஷன். வில்மா, அவருக்கு... எப்படிச் சொல்றது, அவருக்குக் கழிவறைக்குப் போகணும். அது உங்க ரூம் வாசலத் தாண்டித்தான் இருக்கு.

வந்த அன்னைக்கு விவாகரத்தச் சொன்னேன். அடிப்பாரு, திட்டுவாருன்னு பாத்தேன். அப்ப கல்யாணம் ஆகாம ஒரே ரூம்ல படுத்திருக்கோமா தோழரேன்னு கேட்டுட்டு, சிரிச்சாரு. சத்தமே வரல, வாய் மட்டும் சிரிக்குது. அங்க அப்படிச் சிரிக்கப் பழகிட்டாரு போல.

போலீஸே வந்தாலும் உங்கள எதுலயும் சம்பந்தப்படுத்த மாட்டேன். நான் சொல்லவும் இல்ல, நீங்க கேக்கவும் இல்ல. ஒரு பத்து நிமிஷம் கீழ கடை வரைக்கும் போயிட்டு வந்தீங்கன்னாப் போதும். அப்படியே காத்தாட.

தலத்துணி இந்தாங்க, கன்னத்தச் சுத்திக் கட்டிக்கங்க, காத்துப் பட்டா வலிக்கும். கூடையும் எடுத்துக்கங்க.

வில்மா... கடைக்குத்தானே?

இல்ல, இல்ல, ஒண்ணுமில்ல. நான் எதுவும் கேக்கல. போயிட்டு வாங்க.