மூணாவது கப்பு

வேணாம்மா, டிவி சத்தத்தைக் குறைக்காதீங்க. குறைச்சா முழிச்சுக்குவாரு. அந்தத் துணியைத் தள்ளிட்டு இப்படி உக்காருங்க, டீ கொண்டு வர்றேன்.

எத்தனாவது தடவைன்னு யாரு கண்டா? மறதி வந்ததுலேர்ந்து தினம் இந்த ஒரே படந்தான். என் பேரு போச்சு, பொண்ணு பேரு போச்சு, இதுல ஒரு வசனம் மறக்கலை பாருங்க. ஜோக்குக்கு முன்னாடியே இவரு சிரிச்சுடுவாரு. படம் பின்னாலயே மூச்சு வாங்க ஓடி வரும்.

நல்ல படந்தான், பொய் சொல்லக் கூடாது. புருஷங்காரன் இன்னொருத்தியை அலமாரிக்குள்ள ஒளிச்சு வச்சிருப்பான். பொண்டாட்டி ஒண்ணும் தெரியாத மாதிரி மூணு கப்பு டீயோட வருவா. மூணாவது யாருக்குன்னு இவன் திருதிருன்னு முழிப்பான். அலமாரிக்குள்ள புழுக்கமா இருக்குமில்ல, பாவம்னுவா! இன்னமும் எனக்கு அந்த இடத்துல சிரிப்பு வந்துடுது. என்னத்தைச் சொல்ல.

இவரா? அந்தக் காட்சி வந்தா என் கையைப் புடிச்சுக்குவாரு. அன்னைக்கு நீ சிரிச்ச சிரிப்புல முன்சீட்டுக்காரன் திரும்பிப் பார்த்தானே, ஞாபகமிருக்காம்பாரு. மழையில நனைஞ்சுட்டு வந்து என் கைக்குட்டையில தலை துவட்டினியேம்பாரு. இருக்குங்கன்னுடுவேன். இல்லைன்னா மூஞ்சி வாடிடும், சோத்தைத் தொட மாட்டாரு. இருக்குன்னா ரெண்டு வாய் கூடவே உள்ள போகும்.

எனக்குத் தியேட்டரே ஆகாதும்மா. இருட்டுல மூச்சு முட்டும். கல்யாணமான புதுசுல ஒரு தடவை வேற ஏதோ படத்துக்குப் போயி, பாதியில எழுந்து வந்ததோட சரி.

அட, எதுக்கு எழுந்திருக்கிறீங்க? சண்டை போடவா போன் பண்ணி வரச் சொன்னேன்? உங்க பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடறாரு. அவரு ஆபீசுல அந்தப் பேருல ஒருத்தர்தானே? அப்பவே தெரிஞ்சிருந்தா ஒரு ஆட்டம் ஆடியிருப்பேன். இப்ப அதுக்கெல்லாம் தெம்பு ஏது? குளிப்பாட்ட நான், ஊட்ட நான், சாயங்காலமானா உங்களுக்குப் பதிலாவும் நான். ஒரே ஆளு எத்தனை பேராத்தான் இருக்கறது, சொல்லுங்க?

முழிச்சுட்டாரு. அந்த இடம் வரப்போகுது, கை தேடுது பாருங்க. போங்க, பக்கத்துல உக்காருங்க. படம் முடியற வரைக்கும் நான் உள்ள கொஞ்சம் கண்ணசந்துக்கறேன்.

மூணு கப்பும் அங்கதான் இருக்கு. என்னோடதை மட்டும் மூடி வச்சிடுங்க.